சட்டியில் இருப்பதும் அகப்பையில் வருவதும்

கேள்வி இதுதான்: அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் ஜெயிக்க எது முக்கியம்? நல்ல கோச்சா, நல்ல பையன்களைப் பிடித்துக்கொண்டு வருவதா? கேட்டவர் கூடவே ஒரு வாதமும் வைத்திருந்தார். கென்டக்கி பல்கலைக்கழகம் வருஷா வருஷம் நாட்டின் மிகப் பெரிய பள்ளி நட்சத்திரங்களை அள்ளிக்கொண்டு வந்தது, அப்படியும் பேர் தெரியாத கல்லூரிகளிடம் உதை வாங்கியது. அப்படியானால் கோச்தானே முக்கியம்?

முதலில் என் பதிலைச் சொல்லிவிடுகிறேன். ஆள்தான் முக்கியம். சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும். ஆனால் பள்ளிப் பையன்களுக்குத் தரப் பட்டியல் போடுகிறவர்கள் ‘முதலிடம்’ என்று குறிக்கிற ஆளும், மார்ச் மாதத்தில் மேட்சை ஜெயித்துக் கொடுக்கிற ஆளும் பெரும்பாலும் ஒரே ஆள் இல்லை. அந்த இரண்டு பேரையும் பிரித்துப் பார்க்கத் தெரிவதுதான் கோச்சின் வேலையில் பாதிக்கு மேல் என்பது என் கட்சி. கென்டக்கியின் கதையும் நீங்கள் நினைக்கிற மாதிரி அவ்வளவு நேரானது இல்லை. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

பழக்கமில்லாதவர்களுக்காக இரண்டு வரி. என்சிஏஏ-வின் (அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் அமைப்பு) முதல் பிரிவில் 360-க்கும் மேற்பட்ட கல்லூரிகள் ஆடுகின்றன. மார்ச் மாதம் அதில் 68 அணிகளை எடுத்து நாக்-அவுட் நடத்துவார்கள். ஒரு மேட்ச் தோற்றால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். ஆறு மேட்ச் தொடர்ந்து ஜெயித்தால் பட்டம். களத்தில் ஒரு பக்கத்துக்கு ஐந்து பேர், 40 நிமிஷம். இந்த ஐந்து என்ற எண்ணை மறந்துவிடாதீர்கள். அமெரிக்கக் கால்பந்தில் தாக்க பதினொரு பேர், தடுக்க வேறு பதினொரு பேர் என்று ஆள் படை வேண்டும். கூடைப்பந்தில் ஒரே ஒரு பையன் வந்தால் அணியில் ஐந்தில் ஒரு பங்கு மாறிவிடுகிறது. அதனால்தான் பதினேழு வயதுப் பையனின் வீட்டு சோபாவில் போய் உட்கார்ந்து அவன் அம்மாவிடம் பவ்யமாகப் பேசுவது கோடீஸ்வர கோச்களின் அன்றாட வேலையாக இருக்கிறது.

ஆள் எவ்வளவு முக்கியம் என்பதற்கு என்னிடம் இருக்கும் மிகச் சுத்தமான சாட்சி 1965 நவம்பர் 27 அன்று நடந்த ஒரு காட்சி மேட்ச். லாஸ் ஏஞ்சலிஸில் யுசிஎல்ஏ பல்கலைக்கழகத்தின் புது அரங்கமான பாலி பவிலியனைத் திறக்கிறார்கள். கோச் ஜான் வுடன். அவருடைய அணி 1964-லும் 1965-லும் தேசியப் பட்டம் வென்றிருந்தது. புதிய சீசனுக்கும் அவர்களைத்தான் முதலிடத்தில் வைத்திருந்தார்கள். அந்தக் காலத்தில் முதலாண்டு மாணவர்கள் பிரதான அணியில் ஆடக் கூடாது, அவர்களுக்குத் தனி அணி. திறப்பு விழாவுக்கு நாட்டின் சாம்பியன் அணி தன் சொந்தக் கல்லூரியின் முதலாண்டுப் பையன்களோடு ஆடியது. அந்தப் பையன்களில் நியூயார்க்கிலிருந்து வந்த ஏழடிக்காரர் ஒருவர் இருந்தார். பெயர் லூ அல்சிண்டர். பிற்பாடு கரீம் அப்துல்-ஜப்பார். அவர் மட்டும் 31 புள்ளி, 21 ரீபவுண்ட் (விழாமல் திரும்பி வரும் பந்தைப் பிடிப்பது). பையன்கள் 75, சாம்பியன்கள் 60.

அந்த சீசனில் வுடனின் பிரதான அணி 18 ஜெயித்து 8 தோற்றது. தேசியப் போட்டிக்கே இடம் கிடைக்கவில்லை. அடுத்த வருஷம் அல்சிண்டர் பிரதான அணிக்கு வந்தார். 30 மேட்ச், 30 வெற்றி. அவர் ஆடிய மூன்று வருஷத்தில் 88 வெற்றி, 2 தோல்வி, மூன்று பட்டம். கோச் அதே வுடன். சீசனின் முதல் நாள் எல்லோரையும் உட்காரவைத்து சாக்ஸைச் சுருக்கமில்லாமல் போடுவது எப்படி என்று சொல்லிக்கொடுப்பாரே, அந்தப் பாடமும் அதேதான். (சுருக்கம் இருந்தால் கொப்புளம் வரும், கொப்புளம் வந்தால் பயிற்சிக்கு வர மாட்டாய் என்பது அவர் கணக்கு.) மாறியது ஒரு ஆள்.

இதைச் சொன்னால் வுடன் பக்தர்கள் 1964 அணியை எடுத்து வீசுவார்கள். நியாயம்தான். அந்த அணியின் முதல் ஐவரில் ஒருவர்கூட 6 அடி 5 அங்குலத்தைத் தாண்டவில்லை. அப்படியும் 30-0. எதிரணி பந்தை உள்ளே போட்ட நொடியிலிருந்தே களம் முழுக்க மறித்து நெருக்கும் ‘ஃபுல் கோர்ட் பிரஸ்’தான் அவர்கள் ஆயுதம். அதைக் கொண்டுவரச் சொல்லி வற்புறுத்தியவர் உதவி கோச் ஜெர்ரி நார்மன். கோச்சிங் என்பதற்கு அதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. ஆனால் ஒன்று. வுடன் யுசிஎல்ஏ-வுக்கு வந்தது 1948-ல். முதல் பட்டம் அவருடைய பதினாறாவது சீசனில். அதற்கு முந்தைய பதினைந்து வருஷமும் அவர் மோசமான கோச்சாக இருந்தாரா என்ன? அதே பிரஸ்ஸை ஆடுவதற்கு வால்ட் ஹசார்ட், கெயில் குட்ரிச் மாதிரி இரண்டு கார்டுகள் (வெளியில் நின்று பந்தை நடத்திக் கொண்டுபோகிறவர்கள்) வந்து சேர வேண்டியிருந்தது.

சரி, அப்படியானால் கோச் வெறும் அலங்காரமா? இல்லை. இதற்கும் ஒரு மனிதரைக் காட்டுகிறேன்.

பில்லி டோனவன். ரோட் ஐலண்ட் மாநிலத்தில் பிராவிடன்ஸ் கல்லூரியில் குள்ளமான, கொஞ்சம் கனமான ஒரு கார்டு. முதல் வருஷம் மேட்சுக்குச் சராசரி 2 புள்ளி சொச்சம், இரண்டாவது வருஷம் 3 சொச்சம். பெஞ்சைத் தேய்க்கிற ஆள். 1985-ல் ரிக் பிடினோ அங்கே கோச்சாக வருகிறார். முதல் வேலையாகப் பையனிடம் எடையைக் குறைக்கச் சொன்னார். பிறகு ஓடவிட்டார். 1986-87 சீசனில் கல்லூரிக் கூடைப்பந்து முழுக்க மூன்று புள்ளிக் கோடு அறிமுகமானது. வளையத்திலிருந்து 19 அடி 9 அங்குலம். அதற்கு வெளியிலிருந்து போட்டால் இரண்டுக்குப் பதில் மூன்று புள்ளி. பல மூத்த கோச்கள் அதைக் கோமாளித்தனம் என்று முகம் சுளித்துக்கொண்டிருந்தபோது பிடினோ உட்கார்ந்து கணக்குப் போட்டார். அங்கிருந்து மூன்று எறிந்து ஒன்று விழுந்தாலே, உள்ளே இரண்டு எறிந்து ஒன்று விழுவதற்குச் சமம். டோனவன் மூன்றாவது வருஷம் 15, நான்காவது வருஷம் 20 புள்ளிக்கு மேல். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஏனோதானோ என்று இருந்த பிராவிடன்ஸ் 1987-ல் ஜார்ஜ்டவுனை 88-73 என்று துவைத்துவிட்டு கடைசி நான்கு அணிகளில் ஒன்றாக நின்றது.

ஆள் அதே ஆள். இதை ‘கோச்சிங்’ என்று சொல்லாமல் வேறு எதைச் சொல்வது? ஆனால் கவனியுங்கள், அது டோனவனின் நான்காவது வருஷம். பிடினோவுக்கு அவரை வடிக்க இரண்டு முழு சீசன் கிடைத்தது. கோச்சிங்குக்குத் தேவைப்படும் முதல் பொருள் காலம். சீசன் நடக்கும்போது விதிப்படி வாரத்துக்கு 20 மணி நேரம்தான் பயிற்சி. அதற்குள்தான் எல்லாம்.

இன்னொரு கணக்கு இதைவிட எனக்குப் பிடிக்கும். 1982-ல் டியூக் பல்கலைக்கழகத்தில் ஒரு கூட்டம் பையன்கள் சேர்ந்தார்கள்: ஜானி டாக்கின்ஸ், மார்க் அலாரி, ஜே பிலாஸ், டேவிட் ஹெண்டர்சன். இளம் கோச் மைக் ஷெஷெவ்ஸ்கி. முதல் வருஷம் 11 வெற்றி, 17 தோல்வி. கோச்சைத் துரத்தச் சொல்லிப் பழைய மாணவர்கள் சத்தம் போட்டார்கள். அதே பையன்கள், அதே கோச், நான்காவது வருஷம்: 37 வெற்றி, 3 தோல்வி, தேசிய இறுதிப் போட்டி. அந்த இடைவெளியை நிரப்பியது ஆள் சேர்ப்பா, கோச்சிங்கா என்று பிரிக்கச் சொன்னால் என்னால் முடியாது. அவர்களுக்கு மூன்று வயது கூடியது என்று மட்டும் சொல்வேன். (இறுதிப் போட்டியில் லூயிவில்லிடம் 72-69 என்று தோற்றார்கள். தோற்கடித்தவர்களில் பெரிய ஆள் பெர்விஸ் எலிசன் என்ற முதலாண்டு மாணவர். கூடைப்பந்து யாருடைய வாதத்துக்கும் ரொம்ப நாள் ஒத்துழைக்காது.)

இப்போது பட்டியலுக்கு வருவோம். பள்ளிப் பையன்களுக்கு ஐந்து நட்சத்திரம், நான்கு நட்சத்திரம் என்று தரம் போடுவது அங்கே ஒரு தனித் தொழில். ஜூலையில் தென் கரோலினாவின் நார்த் அகஸ்டாவில் ‘பீச் ஜாம்’ என்று ஒரு போட்டி நடக்கும். களத்தின் ஓரமாக மடக்கு நாற்காலிகள். கல்லூரிச் சின்னம் போட்ட டீ-ஷர்ட்டில் நாட்டின் பெரிய கோச்கள் எல்லாம் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். கல்யாண வீட்டில் மாப்பிள்ளை வீட்டார் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பது மாதிரி இருக்கும். அந்த நாட்களில் ஆடுகிற பையனிடம் அவர்கள் பேசக்கூடக் கூடாது. தான் வந்திருப்பதைப் பையன் பார்த்தால் போதும், அதற்காகத்தான் விமானம் ஏறி வருகிறார்கள். பக்கத்திலேயே தரம் போடுகிறவர்கள். அவர்கள் பார்ப்பது உயரம், கை நீளம், துள்ளல், வயது. அவர்கள் மனதில் இருக்கும் கேள்வி ‘இவன் 25 வயதில் என்பிஏ-வில் (அமெரிக்கத் தொழில்முறை லீக்) என்னவாக இருப்பான்?’ என்பது. அந்தக் கேள்விக்கு அவர்கள் பதில் பெரும்பாலும் தப்புவதில்லை. ஆனால் கல்லூரி கோச்சின் கேள்வி வேறு. ‘இவன் வருகிற மார்ச்சில், 18 வயதில், 22 வயது ஆளை முதுகால் தள்ளி ரீபவுண்ட் எடுப்பானா?’ நல்ல ஜாதி மாங்கன்றை வாங்கி நட்டுவிட்டு அந்த வருஷமே பழம் எங்கே என்று கேட்க முடியாது இல்லையா.

பழத்துக்குக் காத்திருக்கவும் முடியாது என்பதுதான் கஷ்டம். 2005-ல் என்பிஏ ஒரு விதி கொண்டுவந்தது. பள்ளி முடித்த கையோடு டிராஃப்டுக்கு (என்பிஏ அணிகள் புது ஆட்களை வரிசையாகப் பொறுக்கி எடுப்பது) வரக் கூடாது, 19 வயதாக வேண்டும், பள்ளி முடித்து ஒரு வருஷம் ஆக வேண்டும். விளைவு, ஆகப் பெரிய திறமைசாலிகள் ஒரே ஒரு வருஷம் கல்லூரியில் தலைகாட்டிவிட்டுப் போனார்கள். ஜூனில் வருவான், நவம்பரில் சீசன், ஏப்ரலில் விடைபெறுவான். தடுப்பாட்டத்தில் பக்கத்து ஆளுக்கு எப்போது உதவிக்குப் போவது, போன இடத்திலிருந்து எப்போது திரும்புவது என்பது அவன் காலுக்குப் பழகுவதற்குள் பெட்டியைக் கட்டியிருப்பான்.

பட்டியலின் உச்சியில் இருந்த ஒற்றை ஆளை மட்டும் நம்பியவர்கள் என்ன ஆனார்கள் என்று பார்த்தால் பரிதாபமாக இருக்கும். பென் சிம்மன்ஸ் எல்எஸ்யு-வில் (லூயிசியானா மாநிலப் பல்கலைக்கழகம்) ஆடிய 2015-16: 19 வெற்றி, 14 தோல்வி, தேசியப் போட்டியில் இடமில்லை. மார்கெல் ஃபுல்ட்ஸ் வாஷிங்டனில்: 9-22. இந்த இருவருமே அந்தந்த ஆண்டு என்பிஏ டிராஃப்டில் முதல் ஆள். 2024-25-ல் ரட்கர்ஸ் இரண்டு பேரை ஒரே நேரத்தில் பிடித்தது: டிலன் ஹார்ப்பர், ஏஸ் பெய்லி. டிராஃப்டில் ஒருவர் இரண்டாவது, ஒருவர் ஐந்தாவது. ரட்கர்ஸின் கணக்கு 15-17. சட்டியில் இரண்டு பெரிய மீன் துண்டு இருந்தது, குழம்பு இல்லை.

இனி கென்டக்கி. ஜான் கலிபாரி அங்கே 2009-லிருந்து 2024 வரை கோச். அவரைத் திட்டுவது இப்போது ஒரு ஃபேஷன். ஆனால் முதல் ஆறு வருஷத்தில் நான்கு முறை கடைசி நால்வரில் நின்றார்: 2011, 2012, 2014, 2015. அதில் 2012-ல் ஆந்தனி டேவிஸை வைத்துப் பட்டம், 38-2. ஒரு வருஷப் பையன்களை வைத்து ஜெயிக்க முடியாது என்று சொல்கிறவர்கள் இந்தக் காலத்தைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள். ஜெயிக்க முடியும். வருஷா வருஷம் முடியுமா என்பதுதான் கேள்வி. அவருடைய முதல் அணியில், 2010-ல், ஒரே டிராஃப்டின் முதல் சுற்றில் போன ஐந்து பேர் இருந்தார்கள். மேற்கு வர்ஜீனியாவிடம் தோற்ற அன்றைக்கு மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியிலிருந்து 32 தடவை எறிந்தார்கள், 4 விழுந்தது.

2015-ஐக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் இந்தக் கேள்விக்கான இரண்டு பதிலும் ஒரே வாரக் கடைசியில், ஒரே ஊரில், இண்டியானாபொலிஸில் கிடைத்தன. கென்டக்கி 38-0 என்று வந்து நிற்கிறது. கார்ல்-ஆந்தனி டவுன்ஸ், டெவின் புக்கர், வில்லி காலி-ஸ்டைன். சனிக்கிழமை எதிரே விஸ்கான்சின். அவர்கள் தலைவன் ஃபிராங்க் கமின்ஸ்கி என்ற ஏழடி நான்காம் ஆண்டு மாணவன். முதல் வருஷம் அவன் சராசரி இரண்டு புள்ளிகூட இல்லை. நான்காவது வருஷம் 18-க்கு மேல், நாட்டின் சிறந்த ஆட்டக்காரன் விருது. அசப்பில் இன்னொரு டோனவன். கடைசி ஐந்து நிமிஷம் கென்டக்கிப் பையன்கள் பந்தை வைத்துக்கொண்டு யார் எறிவது என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க, விஸ்கான்சின்காரர்கள் அவசரமே இல்லாமல் 71-64 என்று முடித்தார்கள். ‘பார்த்தாயா, கோச்சிங்!’ என்றார்கள் எல்லோரும். திங்கட்கிழமை இறுதிப் போட்டி. அதே விஸ்கான்சின், எதிரே டியூக். டியூக் 68-63 என்று ஜெயித்தது. அந்த 68-ல் 60 புள்ளி நான்கு முதலாண்டுப் பையன்கள் எடுத்தது. ‘பார்த்தாயா, ஆள் சேர்ப்பு!’ என்றார்கள் அதே எல்லோரும்.

ஒரு மேட்சை வைத்துத் தீர்ப்புச் சொல்வதில் இருக்கும் ஆபத்து இது. நாக்-அவுட் போட்டி கோச்களைக் கடவுளாகவும் காமெடியனாகவும் ஆக்கிவிடுகிறது. சின்னக் கல்லூரி ஒன்றிரண்டு மேட்ச் கவிழ்ப்பது வருஷா வருஷம் நடக்கிறது. 2022-ல் கென்டக்கியைக் கவிழ்த்த செயின்ட் பீட்டர்ஸ் மாதிரி. ஆனால் தரவரிசையில் (அணிகளை நான்கு கூட்டமாக்கி ஒவ்வொன்றிலும் 1 முதல் 16 வரை இடம் போடுவார்கள்) எட்டாவது இடத்துக்குக் கீழே வைக்கப்பட்ட அணி ஒன்றுகூட இதுவரை பட்டம் வாங்கியதில்லை. அந்த எட்டாவது இடத்திலிருந்து வாங்கியதும் ஒரே ஒரு அணி: 1985-ன் வில்லனோவா. பேட்ரிக் யூயிங்கின் ஜார்ஜ்டவுனை 66-64 என்று கவிழ்க்க அவர்கள் எறிந்த 28-ல் 22 விழ வேண்டியிருந்தது. பிராட் ஸ்டீவன்ஸ் என்ற அற்புதமான இளம் கோச் பட்லர் கல்லூரியை 2010, 2011 என்று இரண்டு முறை இறுதிப் போட்டிக்குக் கொண்டுபோனார். இரண்டு முறையும் தோல்வி. கோச்சின் கை அதுவரை நீளும். அதற்கு மேல் கோர்டன் ஹேவர்டு பாதிக் களத்திலிருந்து எறிந்த கடைசிப் பந்து வளையத்தில் பட்டு வெளியே விழாமல் உள்ளே விழ வேண்டும்.

கென்டக்கி பிற்பாடு ஏன் சரிந்தது என்பதற்கு நான் நம்புகிற காரணம், கலிபாரிக்குக் கோச்சிங் மறந்துபோனது அல்ல. எதிரே இருந்தவர்களுக்கு வயதாகிவிட்டது. கோவிட் காலத்து 2020-21 சீசனைக் கணக்கில் சேர்க்காமல் எல்லோருக்கும் ஒரு வருஷம் கூடுதலாகக் கொடுத்தார்கள். 2021-ல், கல்லூரி மாறினால் ஒரு வருஷம் ஆடாமல் உட்கார வேண்டும் என்ற விதியையும் தளர்த்தினார்கள். கல்லூரி மாற விரும்புகிறவர்கள் பெயர் பதியும் ‘டிரான்ஸ்ஃபர் போர்ட்டல்’ சந்தையாகிவிட்டது. 2024 மார்ச்சில் கென்டக்கியை 80-76 என்று வெளியேற்றிய ஓக்லண்ட் (கலிபோர்னியா ஓக்லண்ட் இல்லை, மிச்சிகனில் இருக்கும் பல்கலைக்கழகம்) அணியில் ஜாக் கோல்க்கி என்று ஒருவர். இரண்டாம் பிரிவுக் கல்லூரியில் பட்டம் முடித்துவிட்டு வந்தவர். அன்று பத்து த்ரீ-பாயின்டர், 32 புள்ளி. எதிரே கென்டக்கியில் மூன்று மாதம் கழித்து டிராஃப்டில் மூன்றாவதாகவும் எட்டாவதாகவும் போகப்போகிற ரீட் ஷெப்பர்டும் ராப் டில்லிங்ஹாமும். அந்த வருஷம் அலுவலகப் பந்தயத் தாளில் நான் கென்டக்கியைக் கடைசி நால்வர் வரை எழுதி வைத்திருந்தேன். இரண்டாம் நாளே தாளைக் கிழித்துப் போட்டேன். இந்த விஷயத்தில் நான் பேசுவதை எந்த அளவுக்கு எடுத்துக்கொள்வது என்பதை இதை வைத்து நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.

பட்டியலைப் பார்த்து ஆள் எடுத்துக் கையைச் சுட்டுக்கொண்டு, பிறகு திருந்தியவர் ஜே ரைட். வில்லனோவாவை 2009-ல் கடைசி நால்வருக்குக் கொண்டுபோனார். அந்தப் புகழில் பெரிய நட்சத்திரப் பையன்கள் கதவைத் தட்டினார்கள், இவரும் திறந்தார். 2011-12-ல் 13 வெற்றி, 19 தோல்வி. அதற்குப் பிறகு அவர் எடுத்த ஆட்களைப் பாருங்கள். மிக்கல் பிரிட்ஜஸ் முதல் வருஷம் ஒரு மேட்ச்கூட ஆடவில்லை. ‘ரெட்ஷர்ட்’ என்பார்கள்: பயிற்சிக்கு மட்டும் வந்து, ஆடும் தகுதியை ஒரு வருஷம் சேமித்து வைப்பது. ஐந்து நட்சத்திரக் கனவில் வரும் பையனிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், அன்று சாயங்காலமே வேறு கல்லூரிக்குப் போன் போட்டுவிடுவான். ஜேலன் பிரன்சன் மூன்று வருஷம் இருந்தார், டிராஃப்டில் இரண்டாம் சுற்றில்தான் போனார். 2016, 2018 என்று இரண்டு பட்டம். வர்ஜீனியாவின் டோனி பென்னட் கதையும் இதே ரகம். 2018-ல் பதினாறாம் இடத்து யுஎம்பிசி-யிடம் 74-54 என்று மானம் போனது. அந்த மேட்சில் மணிக்கட்டு உடைந்து வெளியே உட்கார்ந்திருந்த டியாண்ட்ரே ஹண்டரும் முதல் வருஷம் ரெட்ஷர்ட் செய்தவர்தான். மறு வருஷம் கோச் கற்றுக்கொடுக்கும் அதே தடுப்பாட்டம், பெரும்பாலும் அதே பையன்கள், கூட ஹண்டர். தேசியப் பட்டம்.

இவர்கள் ஆள் சேர்ப்பில் சளைத்தவர்கள் என்று யாராவது சொன்னால் சிரிப்புத்தான் வரும். பிரன்சன், பிரிட்ஜஸ், ஹண்டர் எல்லோரும் என்பிஏ-வில் நிலைத்தவர்கள். சட்டியில் சரக்கு இருந்தது. அதில் பெரும்பாலானதை மற்றவர்கள் விலை குறைத்துப் போட்டிருந்தார்கள், அவ்வளவுதான்.

கடந்த நாலைந்து வருஷத்தில் இந்தக் கேள்வியே உருமாறிவிட்டது. 2021 ஜூலையிலிருந்து மாணவர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம். 2025-26-லிருந்து கல்லூரியே நேராகப் பணம் கொடுக்கலாம், எல்லா விளையாட்டுக்கும் சேர்த்து ஒரு கல்லூரிக்குச் சுமார் 2 கோடி டாலர் வரை. இப்போது ஆள் சேர்ப்பு என்பது பள்ளிப் பையனின் வீட்டு சோபா மட்டுமல்ல. இங்கே ஏற்கெனவே இருக்கிறவன் ஏப்ரலில் ஓடிப்போகாமல் பார்த்துக்கொள்வதும், வேறு கல்லூரியில் முளைத்து வளர்ந்தவனைக் கண்டுபிடிப்பதும் சேர்ந்தது. டோட் கோல்டன் ஃபுளோரிடாவுக்கு 2022-ல் வந்தார். முதல் வருஷம் 16-17. மூன்றாவது வருஷம் 36-4, பட்டம். அவர் பிடித்த முக்கிய ஆட்கள் வால்டர் கிளேட்டன், வில் ரிச்சர்ட், அலிஜா மார்ட்டின். மூவரும் சின்னக் கல்லூரிகளில் ஏற்கெனவே ஆடிக் காட்டியவர்கள்.

கிளேட்டனைப் பற்றி ஒரு காட்சி மட்டும். 2025 ஏப்ரல், சான் அன்டோனியோ, இறுதிப் போட்டி, எதிரே ஹூஸ்டன். முதல் பாதியில் கிளேட்டன் ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. ஃபுளோரிடா ஒரு கட்டத்தில் 12 புள்ளி பின்தங்கி, மெல்ல மெல்ல ஏறி வந்து 65-63 என்று முன்னால் நிற்கிறது. கடைசி நொடிகள், பந்து ஹூஸ்டன் கையில். எமானுவேல் ஷார்ப் மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே பந்தை வாங்கி எறிவதற்காகக் குதித்துவிட்டார். குதித்த பிறகுதான் பார்க்கிறார், முகத்துக்கு நேரே கிளேட்டனின் கை. எறிந்தால் தட்டிவிடுவார், பந்தோடு இறங்கினால் ‘டிராவலிங்’ என்ற தவறு, பந்து எதிரணிக்குப் போய்விடும். ஷார்ப் பந்தைக் கீழே போட்டுவிட்டார். போட்ட பிறகு தானே அதைத் தொட முடியாது, தொட்டால் அதுவும் டிராவலிங். பந்து தரையில் துள்ளித் துள்ளிப் போக, அவர் பக்கத்திலேயே கையைக் கட்டிக்கொண்டு நிற்காத குறையாக நிற்கிறார். ஃபுளோரிடாக்காரர் ஒருவர் தாவி விழுந்து அள்ளினார். மணி அடித்தது. ஓடி வந்து, ஆள் மேல் இடிக்காமல், கையை மட்டும் உயர்த்தி நின்ற அந்த ஒன்றரை நொடியை யார் கணக்கில் எழுதுவது? கிளேட்டனைப் போர்ட்டலில் கண்டெடுத்த கோல்டனின் கணக்கிலா? முதல் இரண்டு வருஷம் அயோனா என்ற சின்னக் கல்லூரியில் அவரை வைத்து வளர்த்தவரின் கணக்கிலா?

அயோனாவில் அப்போது கோச்சாக இருந்தவர் ரிக் பிடினோ. பில்லி டோனவனை இளைக்க வைத்த அதே பிடினோ. இடையில் லூயிவில்லில் ஆள் சேர்ப்பு அசிங்கங்களில் 2013 பட்டத்தைப் பறிகொடுத்து, வேலையும் போய், வெளிநாட்டில் ஆடவைத்துவிட்டுத் திரும்பி வந்த பிடினோ. கிளேட்டன் ஃபுளோரிடா போன அதே 2023-ல் இவர் நியூயார்க்கின் செயின்ட் ஜான்ஸுக்குப் போனார்.

இவ்வளவு பேசிவிட்டு என் கட்சிக்கு எதிரான சாட்சியை மறைத்தால் சரியில்லை. 2025 மார்ச், இரண்டாம் சுற்று. பிடினோவின் செயின்ட் ஜான்ஸ், 31 வெற்றியோடு, தரவரிசையில் இரண்டாமிடம். எதிரே பத்தாமிடத்து ஆர்கன்சா. அதன் கோச், கென்டக்கியை விட்டு வந்திருந்த கலிபாரி. மேட்ச் நடந்த ஊர் பிராவிடன்ஸ், டோனவன் ஆடிய அதே அரங்கம், பெயர் மட்டும் மாறியிருந்தது. ஆர்கன்சா 75-66 என்று ஜெயித்தது. அதிகப் புள்ளி எடுத்தவர் பில்லி ரிச்மண்ட் என்ற முதலாண்டுப் பையன், 16. மூன்று புள்ளிக் கோட்டை மற்றவர்களுக்கு முன்னால் புரிந்துகொண்ட பிடினோவின் அணி அன்று கோட்டுக்கு வெளியிலிருந்து 22 தடவை எறிந்தது, 2 விழுந்தது. அவருடைய மிகச் சிறந்த ஆட்டக்காரர், அந்த வருஷம் பிக் ஈஸ்ட் லீகின் சிறந்த வீரர் விருது வாங்கியவர், 17 எறிந்து 3 போட்டிருந்தார். கடைசி ஐந்து நிமிஷமும் கோச் அவரை பெஞ்சிலேயே உட்காரவைத்திருந்தார்.